சுமை வீழ்ந்த இடமும் தொடரும் வழியும்: தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் ஆகிய காப்பியங்களில் சிலுவையும் ஆன்மிக வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ நம்பிக்கையின் மையம் சிலுவை. மன்னிப்பு சிலுவையில் நிறைவாகக் கிடைத்துவிடுகிறது என்பது அந்நம்பிக்கையின் அடிப்படைக் கூற்று. எனில் மன்னிப்புப் பெற்றவன் மேலும் வளர வேண்டிய தேவை என்ன என்னும் வினா எழுகிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் இவ்வினாவுக்குக் காப்பிய அமைப்பின் வழியாகத் தரும் விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவரங்கத்தை நடுவமாகக் கொண்டு வளர்ந்த வைணவச் சரணாகதி மரபு இதே தன்மையுடைய வினாவை எதிர்கொண்ட முறையும் ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிலுவை, இரட்சணியம், ஆன்மிக வளர்ச்சி, தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், வழிநூல், சரணாகதி.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு போக்குகளில் அமைகின்றன. காப்பியங்களின் அணிநலம், கம்பரின் தாக்கம், நாட்டு வருணனை முதலிய இலக்கியக் கூறுகளைத் தொகுப்பது ஒரு போக்கு. விவிலியச் செய்திகள் எவ்வெவ்விடங்களில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று பட்டியலிடுவது மற்றொன்று. இவ்விரு போக்குகளிலும் ஓர் இடைவெளி உள்ளது. சமயக் கோட்பாடு ஒன்று காப்பியத்தின் உறுப்பமைப்பையே எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது போதிய கவனம் பெறவில்லை.

சிலுவைக் கோட்பாடு அத்தகைய ஒன்று. சிலுவையைக் காப்பியத்தின் எவ்விடத்தில் நிறுத்துவது, யாருடைய கண்வழியாகக் காட்டுவது, அதன் பின்னும் கதையை ஏன் தொடர்வது என்பவை கவிஞர் எடுக்க வேண்டிய முடிவுகள். அம்முடிவுகளிலேயே அவருடைய இறையியலும் வெளிப்படுகிறது. இந்நோக்கில் இரு காப்பியங்களையும் அணுகும்போது, ‘மன்னிப்பு ஒரு கணத்தில் நிகழ்வது, மாற்றம் வாழ்நாள் முழுவதும் நிகழ்வது’ என்னும் கருத்தைத் தமிழ்க் கவிஞர்கள் தத்தம் வழியில் எவ்வாறு கட்டமைத்தனர் என்பது தெளிவாகிறது.

சிலுவை: சொல்லும் இருபொருளும்

‘சிலுவை’ தமிழில் வேரூன்றிய பிறமொழிச் சொல். கேரளத்துச் சிரியக் கிறித்தவ மரபில் வழங்கிய ‘சிலீபா’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. போர்த்துகீசியர் வருகைக்குப் பின் ‘குருசு’ என்னும் சொல் கடற்கரை ஊர்களிலும் கத்தோலிக்க வழக்கிலும் பரவியது. இன்றும் ‘குருசடி’ என்னும் வழக்கில் அச்சொல் வாழ்கிறது. ஒரே பொருளைக் குறிக்கும் இவ்விரு சொற்களும் தமிழ்க் கிறித்தவத்தின் இரு வருகைத் தடங்களை நினைவூட்டுகின்றன.

உரோமைப் பேரரசில் சிலுவை ஒரு கொலைக்கருவி. அடிமைகளையும் கலகக்காரரையும் ஊரறிய இழிவுபடுத்திக் கொல்வதற்குப் பயன்பட்டது. இழிவின் அடையாளமான ஒன்று வழிபாட்டின் அடையாளமாக மாறியதில் கிறித்தவ நம்பிக்கையின் தனித்தன்மை அடங்கியுள்ளது. புதிய ஏற்பாட்டில் சிலுவைக்கு இரண்டு பொருள்கள் இணைந்தே வருகின்றன. முதலாவது, இயேசு சுமந்த சிலுவை. அது ஒரே முறை நிகழ்ந்தது. மாந்தரின் பாவச் சுமையை அவர் தம்மேல் ஏற்ற நிகழ்வாகக் கொள்ளப்படுவது. இரண்டாவது, சீடன் சுமக்கும் சிலுவை. தம்மைப் பின்பற்ற விரும்புபவன் தன்னை மறுத்து நாள்தோறும் தன் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்பது லூக்கா நற்செய்தியில் இயேசு கூறுவது.

முதற்பொருளை மட்டும் கொண்டால் ஆன்மிக வளர்ச்சிக்கு இடமில்லாமற் போகும். எல்லாம் முடிந்துவிட்டது என்னும் சோம்பல் புகும். இரண்டாம் பொருளை மட்டும் கொண்டால் மாந்தன் தன் முயற்சியால் தன்னை மீட்டுக்கொள்ள முனைவதாக முடியும், அருளுக்கு இடமிராது. சீர்திருத்தத் திருச்சபையினர் இவற்றை ‘நீதிமானாக்கப்படுதல்’, ‘பரிசுத்தமாகுதல்’ என்று இரு கலைச்சொற்களால் பிரித்துக் காட்டினர். கலைச்சொற்கள் பிரித்துக் காட்டுவதை ஒரே கதையில் இணைத்துக் காட்ட வேண்டிய பொறுப்பு கவிஞர்க்கு உரியதாயிற்று.

திருச்சிராப்பள்ளி வட்டாரமும் தேம்பாவணியும்

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் திருச்சிராப்பள்ளிச் சுற்றுப்புறம் சிறப்பிடம் பெறுகிறது. இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தவர். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவூரும், கொள்ளிடத்தின் வடபால் இன்று அரியலூர் மாவட்டத்தில் அமைந்த ஏலாக்குறிச்சியும் அவர் பணியோடு தொடர்புடையவை. ஏலாக்குறிச்சிக்கு அவர் சூட்டிய பெயரே திருக்காவலூர். சீர்திருத்தச் சபை சார்ந்த சுவார்ட்சு ஐயர் திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் பகுதியில் கட்டிய கிறிஸ்து ஆலயம் 1766இல் எழுந்தது. சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்த குளத்தூரும் இவ்வட்டாரத்ததே.

1726இல் இயற்றப்பட்ட தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் ‘வளன்’ என்னும் பெயரில் அதன் தலைவர். ஆகிர்த மரியா என்னும் எசுப்பானியத் துறவியின் ‘கடவுள் நகரம்’ அதற்கு முதன்மை மூலங்களுள் ஒன்று.

இத்தலைவரைத் தேர்ந்தமையால் காப்பியத்திற்கு ஓர் அமைப்புச் சிக்கல் நேர்ந்தது. திருச்சபை மரபின்படி சூசையப்பர் இயேசுவின் பாடுகளுக்கு முன்பே இறந்தவர். எனவே கிறித்தவ நம்பிக்கையின் நடுநிகழ்வாகிய சிலுவை காப்பியத் தலைவரின் வாழ்நாளுக்கு வெளியே நிற்கிறது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கல்வாரி மலையைத் தன் கண்ணால் காணாத ஒருவர் சிலுவையின் வழியில் நடக்க இயலுமா என்னும் வினாவைக் காப்பியம் எழுப்புவதாகக் கொள்ளலாம். தங்க இடமின்றிக் கொட்டிலில் மகவு பிறத்தல், குழந்தையைக் கொல்லத் தேடும் அரசனுக்குத் தப்பி எகிப்துக்குச் செல்லுதல், அயல்நாட்டில் வாழ்தல், இறுதியில் நோயுற்றுத் துன்புறுதல் ஆகியவை வளனின் வாழ்க்கைப் படிகள். குற்றமற்றவர் துன்பத்தை வெறுப்பின்றி ஏற்பது இவை அனைத்திற்கும் பொதுவானது. காப்பியத்தின் இறுதிப் படலமாகிய முடிசூட்டுப் படலம் அப்பொறுமையின் பயனைக் காட்டுகிறது.

ஆகவே தேம்பாவணியில் சிலுவை ஒரு காட்சியாக நில்லாமல் வாழ்க்கை முறையாக முன்நிழலிடுகிறது. இரண்டாம் பொருள், அதாவது சீடன் சுமக்கும் சிலுவை, இங்கு மேலோங்கியுள்ளது. முதற்பொருளுக்கு முனிவர் வேறு நூல்களில் இடம் தந்தார். அன்னை அழுங்கல் அந்தாதி மகனின் பாடுகளை முன்னிட்டுத் தாய் கொள்ளும் துயரத்தைப் பாடுபொருளாக உடையது. உபதேசியார்களை நோக்கி எழுதிய வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் உள்வாழ்க்கைப் பயிற்சியை வலியுறுத்துவது. காப்பியம், சிற்றிலக்கியம், உரைநடை ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கும்போதே அவருடைய சிலுவைச் சிந்தனை முழுமையாகப் புலப்படும்.

கத்தோலிக்க மக்கள் வழக்கிலும் இத்தன்மையைக் காணலாம். மணப்பாறை, மருங்காபுரி வட்டாரங்கள் உள்ளிட்ட தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் 14 நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் நின்று, மண்டியிட்டு, மீண்டும் நடப்பதே அவ்வழிபாட்டின் வடிவம். அங்குச் சிலுவையின் பொருள் நடந்து உணரப்படுகிறது.

இரட்சணிய யாத்திரிகம்: வழிநூலும் விரிவும்

திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த கிருஷ்ணபிள்ளை தமிழ் இலக்கண இலக்கியங்களில் தேர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். போற்றித் திருவகவல், இரட்சணிய மனோகரம் ஆகியவற்றையும் இயற்றிய அவருடைய பெருநூல் 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில் 3,766 பாடல்கள் கொண்டது. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் சிறப்புப் பெயரை அவருக்குப் பெற்றுத் தந்ததும் இந்நூலே.

இதன் மூலம் ஜான் பனியன் ஆங்கில உரைநடையில் எழுதி 1678இல் வெளிவந்த யாத்திரைக் கதை. அழிவுக்குரிய நகரத்தைவிட்டு முதுகில் பெருஞ்சுமையோடு புறப்படும் ஒருவன், இடுக்கமான வாயிலைக் கடந்து, சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்று, பல இடர்களைத் தாண்டி வானகரை அடைவது கதை. இந்நிகழ்ச்சி வரிசையைக் கிருஷ்ணபிள்ளை பெரிதும் பின்பற்றுகிறார். எனினும் அவருடைய நூலை மொழிபெயர்ப்பு என்று கூறுதல் பொருந்தாது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும். இரட்சணிய யாத்திரிகம் ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பாகவும் விரித்தலாகவும் அமைகிறது. அது எவ்விடத்தில் விரிக்கிறது என்பதே முதன்மையான செய்தி.

பனியன் கதையில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. சற்றே உயர்ந்த இடத்தில் ஒரு சிலுவை நிற்கிறது. கீழே ஒரு கல்லறை இருக்கிறது. யாத்திரிகன் சிலுவையை நெருங்கியவுடன் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. சிலுவையில் யார் எவ்வாறு இறந்தார் என்பதைப் பனியன் கதையாகச் சொல்லவில்லை. அவருடைய வாசகர்கள் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த வரலாறு அது. கிருஷ்ணபிள்ளையின் தமிழ் வாசகர்களுள் பலர்க்கு அவ்வரலாறு தெரிந்திருக்கத் தேவையில்லை. எனவே அவர் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பிடிபட்டது, விசாரிக்கப்பட்டது, இகழப்பட்டது, சிலுவையில் அறையப்பட்டது ஆகியவற்றை விரிவாகப் பாடினார்.

இவ்விரிவுக்கு வாசகரின் தேவை மட்டும் காரணமன்று. காப்பிய இலக்கணமும் ஒரு காரணம் எனலாம். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுகிறது. பனியனின் யாத்திரிகன் அத்தகையவன் அல்லன். அஞ்சுகிறான், வழிதவறுகிறான், தூங்கிவிடுகிறான், ஐயக்கோட்டையில் சிறைப்படுகிறான். தன்னிகரில்லாத் தன்மை அவனிடம் சற்றும் இல்லை. இரட்சணிய சரிதத்தைக் காப்பியத்தின் நடுவே பொருத்தியதன் மூலம் அவ்விடம் நிரம்புகிறது. நடப்பவன் யாத்திரிகன், ஆயினும் தன்னிகரில்லாத் தலைவன் சிலுவையில் நிற்பவர். அருளால் மீட்கப்படுகிறவன் தன் கதைக்குத் தானே தலைவனாக இருக்க முடியாது என்னும் இறையியல் கருத்து இங்குக் காப்பிய உறுப்பாக மாறியுள்ளது.

கட்டும் கட்டுப்படுதலும்

குமார பருவப் பாடல்களுள் இயேசு கயிற்றால் கட்டப்படும் இடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கயிற்றுக் கட்டுக்கு அவர் உடன்பட்டு நிற்கிறார். அதை அறுத்தெறியும் ஆற்றல் அவருக்கு உண்டு. ஆனால் தமக்குத் தீங்கு செய்யும் அம்மாந்தர்மீது கொண்ட அன்பு என்னும் கட்டிலிருந்து அவரால் விடுபட இயலவில்லை. கயிறு கட்டியது கையை. அன்பு கட்டியது அவரை. இக்கற்பனையால் கவிஞர் சிலுவையின் பொருளை வாதமின்றி விளக்கிவிடுகிறார். சிலுவை வலிமையற்றவர் அடைந்த தோல்வி அன்று. வலிமையுடையவர் விரும்பி ஏற்ற கட்டுப்பாடு என்பது பெறப்படுகிறது.

அடுத்து, தம்மை இகழ்வோர் தாம் செய்வது இன்னதென்று அறியாமல் செய்கின்றனரே என்று அவர் வருந்துவதாகக் கவிஞர் காட்டுகிறார். தம் துன்பத்தைவிடத் துன்புறுத்துவோரின் அறியாமையே அவருக்கு வருத்தம் தருகிறது. சூழ நின்ற நன்மக்களோ, இக்கொடுமையைக் கண்டும் நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று கலங்குகின்றனர். இருவகை மனநிலைகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டுள்ளன. நல்லோர் இயற்கையின் தண்டனையை எதிர்பார்க்கின்றனர். தண்டனைக்குரியோர்மேல் இயேசு இரங்குகிறார். உலகியல் நீதியை விஞ்சும் ஒன்று சிலுவையில் நிகழ்கிறது என்பதை இவ்வெதிர்நிலை உணர்த்துகிறது.

திருக்குறளின் பொறையுடைமை, இன்னாசெய்யாமை அதிகாரங்களில் பழகிய தமிழ் வாசகருக்கு இப்பகுதி அயலானதாகத் தோன்றாது. தமக்குத் தீங்கு செய்தாரைப் பொறுத்தலும் அவர்க்கு நன்மை செய்தலும் சான்றோர் இயல்பாக ஏற்கெனவே போற்றப்பட்டவை. கவிஞர் அவ்வறத்தின் மீதே நின்று மேலும் ஓர் அடி வைக்கிறார். பொறுப்பவர் சான்றோர் மட்டுமல்லர், இறைமகன் என்கிறார். அறமாக அறியப்பட்டிருந்த பண்பு இங்கு இறைத்தன்மையின் வெளிப்பாடாக உயர்த்தப்படுகிறது.

சுமை வீழ்ந்த பின்

சிலுவையடியில் சுமை வீழ்ந்தபோதே கதை முடிந்திருக்கலாம். பனியனும் அவரைப் பின்பற்றும் கிருஷ்ணபிள்ளையும் அவ்வாறு முடிக்கவில்லை. யாத்திரையின் பெரும்பகுதி அதன் பின்னரே நிகழ்கிறது. ஆன்மிக வளர்ச்சி பற்றிய கருத்தின் உயிர்நிலை இதுவே.

பனியன் கதையில் சுமை வீழ்ந்தவுடன் ஒளிபொருந்திய மூவர் தோன்றுகின்றனர். ஒருவர் மன்னிப்பை அறிவிக்கிறார். மற்றொருவர் கந்தலைக் களைந்து புத்தாடை அணிவிக்கிறார். மூன்றாமவர் நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரையிட்ட சுருள் ஒன்றைக் கையில் தருகிறார். அடுத்து வருவது செங்குத்தான மலை. நடுவே அமைந்த நிழற்குடிலில் யாத்திரிகன் உறங்கிவிடுகிறான், சுருள் கைநழுவுகிறது. மலையுச்சியில் அதை உணர்ந்தவன் அழுதுகொண்டே வந்த வழியே திரும்புகிறான். இந்நிகழ்ச்சி நுட்பமானது. அவனுடைய பழைய சுமை மீண்டும் முதுகில் ஏறவில்லை. மன்னிப்பு பறிபோகவில்லை, அம்மன்னிப்பைப் பற்றிய உறுதியே கைவிட்டுப் போகிறது. வளர்ச்சியில் ஏற்படும் தளர்வு எத்தகையது என்பதை ஒரு சுருளால் கதை காட்டிவிடுகிறது.

தொடர்ந்து வரும் இடங்கள் ஒவ்வொன்றும் வளர்ச்சியின் ஒரு தேர்வு. தாழ்மைப் பள்ளத்தாக்கில் பகைவனோடு போர் நிகழ்கிறது. மாயச் சந்தையில் உடன்வந்த தோழன் எரித்துக் கொல்லப்படுகிறான். சிலுவை அங்கு வெளியே நிற்கும் காட்சியாக இல்லாமல் சீடனின் உடலிலேயே ஏறுகிறது. ஐயக்கோட்டையில் அடைபட்டபோது, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை யாத்திரிகன் காலந்தாழ்ந்து நினைவுகூர்கிறான். புதிதாக ஒன்றைப் பெறுவதைக் காட்டிலும், முன்பே பெற்றதை உணர்ந்து பயன்படுத்துவதே வளர்ச்சி என்பது இதனால் விளங்கும்.

சிலுவையைத் தவிர்த்து வளர முயல்வோரையும் கதை காட்டுகிறது. வாயில்வழியே வராமல் மதிலேறிக் குதித்து வழியில் சேர்ந்துகொள்ளும் சடங்குப்பற்றாளனும் வேடதாரியும் மலையடியில் எளிய வழிகளைத் தேடிச் சென்று அழிகின்றனர். குறுக்குச்சந்து வழியே வந்த அறியாமை என்பவன் ஆற்றை எளிதாகக் கடந்தும், கையில் சுருள் இல்லாமையால் வானகரின் வாயிலிலிருந்தே தள்ளப்படுகிறான். நற்பழக்கங்கள் பல உடையவனாகத் தோன்றினும் சிலுவையைக் கடந்து வராதவன் யாத்திரிகன் ஆகமாட்டான் என்பது கதையின் கடுமையான தீர்ப்பு. இடுக்கவாயிலுக்குச் சற்றுப் பின்னர்ச் சிலுவையை நிறுத்தியதற்காகப் பனியனை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போதகர் சார்லசு ஸ்பர்ஜன் குறைகூறியதும் உண்டு. நேரே சிலுவைக்கே வழிகாட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சிலுவையை எங்கே நிறுத்துவது என்பது கதைநுட்பத்தோடு கோட்பாட்டையும் தொடுவது என்பதற்கு இவ்விவாதமே சான்று.

‘பருவம்’ என்னும் உறுப்பு

பனியனின் நூலில் இல்லாத பருவப் பகுப்பைக் கிருஷ்ணபிள்ளை அமைத்தார். ஆதி, ஆரணியம் ஆகிய பெயர்கள் பாரத மரபை நினைவூட்டுவன. ஆரணியம் கம்பரின் காண்டப் பெயரையும் நினைவூட்டுவது. எனினும் தமிழில் ‘பருவம்’ நூற்பகுதியை மட்டும் குறிப்பதன்று. காலம், வளர்ச்சிநிலை ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள் குழந்தையின் வளர்நிலைகளே. யாத்திரையின் பகுதிகளைப் பருவங்கள் என்றமையால், இடம்விட்டு இடம் செல்லும் பயணம் நிலைவிட்டு நிலை உயரும் வளர்ச்சியாகவும் படிக்கத் தக்கதாகிறது. ‘குமாரன்’ என்பதற்கு மகன், இளையோன் என்னும் இரு பொருளும் உள்ளமையால், இறைமகனின் சரிதம் இடம்பெறும் குமார பருவம் யாத்திரிகனின் ஆன்மிக இளமையையும் சுட்டுவதாகக் கொள்ளலாம்.

இவற்றினும் சிறந்தது ‘இரட்சணியம்’ என்னும் சொல் வைக்கப்பட்ட முறை. இரண்டாம் பருவத்தில் ‘இரட்சணிய சரிதம்’ வருகிறது. ஐந்தாம் பருவத்தின் பெயரே ‘இரட்சணிய பருவம்’. மீட்பு நிறைவேறிய வரலாறு நூலின் முற்பகுதியிலும், மீட்பு முழுமை பெறும் நிலை நூலின் இறுதியிலும் உள்ளன. இடையே நிதானமும் ஆரணியமும் கிடக்கின்றன. பெற்றுவிட்ட மீட்புக்கும் அடையவேண்டிய மீட்புக்கும் இடைப்பட்ட வெளியே கிறித்தவனின் வாழ்நாள் என்பதைப் பருவப் பெயர்களின் வரிசையே உணர்த்திவிடுகிறது. அவ்வெளியில் யாத்திரிகனைத் தாங்குவது மன்றாட்டு. காப்பியத்தின் இடையிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரில் வரும் பத்திப் பாடல்கள் இதற்காகவே அமைந்தவை போலும். கதை நின்று வழிபாடு எழும் அவ்விடங்களில் வாசகரும் யாத்திரிகனோடு சேர்ந்து மன்றாட இடமுண்டாகிறது.

திருவரங்கத்துச் சரணாகதி மரபும் இவ்வினாவும்

மீட்பு அருளாலா, முயற்சியாலா என்னும் வினா தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. திருவரங்கத்தை நடுவமாகக் கொண்டு வைணவ ஆசாரியர்கள் அதைப் பல நூற்றாண்டுகள் ஆராய்ந்தனர். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணமும், அதற்கு மணவாள மாமுனிகள் இயற்றிய வியாக்கியானமும் ஒரு மரபின் தூண்கள். வேதாந்த தேசிகரின் நூல்கள் மற்றொரு மரபின் தூண்கள். குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் பூனையும், தாயைக் குட்டியே பற்றிக்கொள்ளும் குரங்கும் இரு மரபுகளையும் விளக்கப் பயன்படும் உவமைகளாயின. அவை முறையே மார்ச்சார நியாயம், மர்க்கட நியாயம் எனப்பட்டன.

சரணாகதி ஒரே முறை செய்யப்படுவது என்பது இம்மரபின் கொள்கை. ஒருமுறை அடைக்கலம் புகுந்தபின் எஞ்சிய வாழ்நாள் எதற்கு என்னும் வினா இங்கும் எழுகிறது. எஞ்சிய நாள்கள் கைங்கரியத்திற்கு உரியவை என்பது விடை. அடைக்கலம் பெறுவதற்காகத் தொண்டு செய்வதில்லை. அடைக்கலம் பெற்றமையால் தொண்டு செய்யப்படுகிறது. யாத்திரிகனின் நடையும் இத்தகையதே. சுமையை இறக்குவதற்காக அவன் மலையேறவில்லை. சுமை இறங்கியமையால் ஏறுகிறான்.

வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பரில் தோய்ந்த கிருஷ்ணபிள்ளைக்கு அடைக்கலம் என்னும் கருத்து பழக்கமானது என்பதில் ஐயமில்லை. கம்பரின் வீடணன் அடைக்கலப் படலம் அவர் கற்ற இலக்கியத்தின் பகுதி. ஆயினும் ஒப்புமையை நேரடித் தாக்கம் என்று முடிவுகட்டுதல் ஆய்வு நெறியாகாது. வேறுபாடும் அடிப்படையானது. வைணவ மரபில் பிராட்டியின் பரிந்துரையோடு எம்பெருமான் அடியவரின் குற்றத்தைப் பொறுத்து ஏற்கிறான். கிறித்தவ நம்பிக்கையில் ஏற்பவரே அக்குற்றத்தின் விளைவைத் தம் உடலில் சுமக்கிறார். அதுவும் வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட நாளில், ஓர் ஆளுநரின் தீர்ப்பின்கீழ்ச் சுமக்கிறார். இவ்வேறுபாட்டைத் தமிழ் வாசகர் உணரவேண்டியே கவிஞர் இரட்சணிய சரிதத்தை அத்துணை விரிவாகப் பாட நேர்ந்தது எனலாம். பழகிய சொற்களால் மட்டும் அதை உணர்த்த இயலாது; வரலாற்றைச் சொல்லியே உணர்த்த முடியும்.

ஒப்பீடு

இரு காப்பியங்களும் சிலுவையின் இரு பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டவை போல் தோன்றுகின்றன. தேம்பாவணியின் வளன் தொடக்கம் முதலே நிறைவுடையவர். துன்பம் அவருடைய நிறைவை வெளிப்படுத்துகிறது. யாத்திரிகத்தின் தலைமாந்தன் குறைவுடையவன். துன்பம் அவனை உருவாக்குகிறது. முன்னதில் வாசகர் ஒரு முன்மாதிரியை நோக்கி வணங்குகிறார். பின்னதில் வாசகர் தம்மையே அடையாளம் காண்கிறார். கத்தோலிக்க மரபின் புனிதர் வணக்கமும், சீர்திருத்த மரபின் தனிமனித மனந்திரும்பலும் இவ்வேறுபாட்டின் பின்னணியில் உள்ளன.

ஆயினும் வேறுபாட்டை மிகைப்படுத்தலாகாது. வளன் தன் நிறைவைத் தன் முயற்சியால் ஈட்டியதாக முனிவர் பாடவில்லை. அது அருளின் கொடை. யாத்திரிகனும் வெறுங்கையனாக நின்றுவிடவில்லை; மலையேறவும் போரிடவும் ஆற்றைக் கடக்கவும் செய்கிறான். அருளும் நடையும் இரு நூல்களிலும் பிரிவதில்லை. எதிலிருந்து தொடங்கி எதை நோக்கிச் சொல்வது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. சிலுவையின் இருபொருள், மீட்கும் சிலுவை, சுமக்கும் சிலுவை என்பன. தேம்பாவணி பின்னதை வாழ்க்கை முறையாகவும், இரட்சணிய யாத்திரிகம் முன்னதை வரலாற்று நிகழ்வாகவும் முதன்மைப்படுத்துகின்றன.

2. பனியன் சுருக்கமாக விட்ட சிலுவைக் காட்சியைக் கிருஷ்ணபிள்ளை விரித்தமை, தமிழ் வாசகரின் தேவையையும் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டும் காப்பிய இலக்கணத்தையும் ஒருங்கே நிறைவு செய்கிறது.

3. குமார பருவத்தின் இரட்சணிய சரிதமும் இறுதியில் அமைந்த இரட்சணிய பருவமும், பெற்ற மீட்புக்கும் அடையவேண்டிய மீட்புக்கும் இடைப்பட்ட காலத்தை ஆன்மிக வளர்ச்சியின் களமாக நிறுவுகின்றன.

4. திருவரங்கத்துச் சரணாகதி மரபு எழுப்பிய வினாவோடு இக்காப்பியத்தின் வினா ஒப்புமையுடையது. விடையின் அடித்தளம் வேறு.

வீரமாமுனிவரின் உரைநடை நூல்களையும் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய மனோகரத்தையும் இந்நோக்கில் ஒப்பிடுவது அடுத்த நிலை ஆய்வுக்கு உரியது. ஐந்து பருவங்களின் வைப்புமுறை காட்டும் செய்தி எளியது. சுமை சிலுவையடியில் வீழ்ந்துவிடுகிறது. சுமை வீழ்ந்த முதுகோடு நிமிர்ந்து நடக்கப் பழகுவதற்கே எஞ்சிய பருவங்கள் தேவைப்படுகின்றன.